பயாப்சி ஊசி மேல் பழி போடாதீர்கள்

குறுவை நடவு சமயத்தில் மார்பில் தட்டுப்பட்ட கட்டி, சம்பா அறுவடை முடிந்த பிறகு புண்ணாகி எங்களிடம் வருகிறது. போன வாரம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவுக்கும் இதே கதைதான். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால், கூட வந்த மகன் செல்போனை நீட்டுகிறார். ஊசி குத்திச் சதை எடுத்தால் கட்டி உடம்பு முழுக்கப் பரவிவிடும் என்று யாரோ பேசி அனுப்பிய வாட்ஸ்அப் பதிவு. ஊசியால் துளிச் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கு எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து வைத்துவிட்டுப் பொடி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். தஞ்சாவூரில் புற்றுநோய் வைத்தியம் பார்க்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு மனசு ஆறவில்லை.

இந்தப் பயம் எப்படி வந்தது என்பது புரிகிறது. நோய் முற்றிய பிறகு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். பயாப்சி எடுக்கிறோம். சில மாதங்களில் இறந்துபோகிறார். "நல்லா நடந்து போன மனுஷன், ஊசி குத்தினதுக்கு அப்புறம் தேறவே இல்ல" என்று தெருவே பேசுகிறது. ஊசிக்கு முன்பே நோய் கல்லீரலுக்குப் போயிருந்ததை யாரும் பேசுவதில்லை. மார்பகக் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுப்பதால் நோய் முற்றாது. எடுக்காமல் தள்ளிப்போட்ட மாதங்களில்தான் முற்றுகிறது. ஊசியே போடக் கூடாத கட்டிகளும் உண்டு. விரையில் வரும் கட்டிக்கு நாங்கள் போட மாட்டோம். எலும்பு, தசைக் கட்டி என்றால் பிறகு ஆபரேஷன் செய்யப்போகிறவர் சொல்லும் இடத்தில்தான் ஊசி நுழைய வேண்டும். இதையெல்லாம் யோசித்த பிறகுதான் சீட்டே எழுதுகிறோம். அந்தத் துளிச் சதை இல்லாமல் மருந்தைத் தீர்மானிக்க வழியில்லை. கட்டியின் செல்களில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறதா, ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்பதை ஸ்கேன் சொல்லாது. ரத்தப் பரிசோதனையும் சொல்லாது.

ரிப்போர்ட் வந்ததும் அடுத்த குழப்பம். 'கிரேடு 3' என்பதைப் பார்த்துவிட்டு மூணாவது ஸ்டேஜ் என்று சொந்தபந்தமெல்லாம் கூடி அழுகிறார்கள். கிரேடு என்பது செல்கள் எந்த அளவுக்கு மாறியிருக்கின்றன என்ற கணக்கு. ஸ்டேஜ் என்பது நோய் எதுவரை போயிருக்கிறது என்பது. கிரேடு 3 உள்ளவர் முதல் ஸ்டேஜிலேயே இருக்கலாம். கூகுளில் தேடுவதற்கு முன் எங்களைக் கேளுங்கள். கேள்விகளை நோட்டில் எழுதி வந்தால் கூட்ட நெரிசலிலும் எதுவும் விட்டுப்போகாது.

படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா? தமிழில் கையேடு இருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள். 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்றவற்றின் இணையதளங்களைப் பாருங்கள். அரசின் 104 எண்ணிலும் சந்தேகம் கேட்கலாம். வீடியோவின் கடைசியில் போன் நம்பர் கொடுத்துக் கஷாயம் விற்றால் அங்கேயே அணைத்துவிடுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. பயாப்சிச் சதையைச் சீவி வைத்த கண்ணாடி ஸ்லைடையும், மீதிச் சதையை மெழுகில் பதித்த பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போங்கள், பெரும்பாலும் மறுபடி ஊசி தேவைப்படாது. செலவுக்கு ஒரு மா நிலத்தை அடமானம் வைக்கும் முன்னால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் விசாரியுங்கள்.

நோயாளியிடம் மறைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அம்மா தாங்க மாட்டாங்க என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லி அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதையும் விடுங்கள், இது தொற்றுநோய் இல்லை.

அப்புறம், கீமோ என்கிற புற்றுநோய் மருந்துச் சிகிச்சை நடக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். கடைசியாகக் கீமோ போட்ட தேதி எழுதிய ஃபைல் கையில் இருக்கட்டும்.