விசா: நுழைவிசைவா, நுழைவு அனுமதியா?

இலத்தீனில் ‘விதேரே’ என்றால் காணுதல். அதிலிருந்து பிறந்த ‘விசா’ என்பதற்குக் ‘காணப்பட்டது’ என்று பொருள். ‘கார்த்தா விசா’, அதாவது பார்வையிடப்பட்ட தாள், என்ற தொடர் சுருங்கிப் பிரெஞ்சு மொழி வழியாக உலகெங்கும் பரவியது. அதிகாரி ஒருவர் பயணியின் ஆவணத்தைப் பார்த்தார் என்பதற்கு மேல் அச்சொல் எதையும் உறுதி செய்யவில்லை. தமிழில் நுழைவு அனுமதி, நுழைவிசைவு என்ற இரு வடிவங்களும் வழங்குகின்றன. இலங்கையில் ‘வீசா’ என்று நெடிலிட்டு எழுதுவர்.

இவற்றுள் நுழைவிசைவே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. ‘அனுமதி’ என்றால் கதவு திறந்துவிட்டது என்றே படிப்பவர் கொள்வார். அமெரிக்கச் சட்டப்படி, விசா பெற்றவர் விமான நிலையம்வரை வந்து நுழைய விண்ணப்பிக்கலாம், அவ்வளவே. உள்ளே விடுவதும் திருப்பி அனுப்புவதும் அங்குள்ள குடிநுழைவு அதிகாரியின் முடிவு. தூதரகத்தின் பார்வை, எல்லையின் பார்வை என இரண்டு இருந்தும், 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரும் இரண்டையும் கடந்தே நாட்டுக்குள் வந்திருந்தனர்.

அவர்களில் 15 பேர் சவூதி அரேபியர். சவூதி விண்ணப்பதாரர்களில் பெரும்பாலோரை அமெரிக்கத் தூதரகங்கள் அன்று நேர்காணலுக்கே அழைக்கவில்லை. தூதரக அதிகாரிகள் தேடியதெல்லாம் ‘இவர் வேலை தேடி இங்கேயே தங்கிவிடுவாரா’ என்பதற்கான விடையைத்தான். அதனால்தான் ஜெர்மனியில் வாழ்ந்த ஏமன் நாட்டவரும் இச்சதியில் பங்குகொண்டவருமான ரம்சி பினல்ஷிப் விண்ணப்பித்த ஒவ்வொரு முறையும் மறுக்கப்பட்டார். சதிக்காரர் என்ற ஐயத்தால் அல்ல, குடியேறிவிடுவார் என்ற ஐயத்தால்.

இதைவிட வருத்தம் தருவது கடத்தல்காரர்களான காலித் அல்-மிக்தார், நவாஃப் அல்-ஹஸ்மி ஆகியோரின் செய்தி. மிக்தாரின் கடவுச்சீட்டில் அமெரிக்க விசா இருப்பதை நடுவண் உளவு நிறுவனமான சிஐஏ 2000 ஜனவரியிலேயே அறிந்திருந்தும், அவர் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அம்மாதம் 15ஆம் நாள் இருவரும் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கினர். பின்னர் வெளியேறிய மிக்தார், 2001 ஜூனில் ஜித்தாவில் புதிய விசா பெற்று ஜூலை 4 அன்று நியூயார்க் வழியாகத் திரும்பினார். பெயர்கள் பட்டியலில் ஏறியது ஆகஸ்டு பிற்பகுதியில்தான். ஆவணத்தைப் பார்த்த கண்ணுக்கு, அறிந்திருந்த நிறுவனம் தன் அறிவைக் கொடுக்கவில்லை.

இரண்டாம் பார்வைக்கு இருந்த வலிமையை 2001 ஆகஸ்டு 4 காட்டுகிறது. செல்லத்தக்க விசாவுடன் ஆர்லாண்டோவில் இறங்கிய முகம்மது அல்-கஹ்தானியை ஹோசே மெலெண்டெஸ்-பெரெஸ் என்ற அதிகாரி நெடுநேரம் விசாரித்தார். திரும்பும் பயணச்சீட்டு இல்லை, தங்குமிடம் சொல்லத் தெரியவில்லை, வரவேற்க யார் வருகிறார் என்பதிலும் பதில் மாறிக்கொண்டே இருந்தது. அவர் திருப்பி அனுப்பப்பட்டார். கடத்தல்காரர்களின் தலைவன் முகம்மது அட்டா அன்று அதே விமான நிலையத்துக்கு வந்திருந்ததைப் பின்னர் செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த விசாரணை ஆணையம் கண்டறிந்தது. விசா கையில் இருந்தும் நுழைவு கிடைக்காத இந்த நிகழ்வு, ‘நுழைவு அனுமதி’ என்ற பெயர் எவ்வளவு பிழையானது என்பதற்கும் சான்று.

பயங்கரவாதிகளுக்குப் பயண ஆவணங்கள் ஆயுதங்களுக்கு நிகரானவை என்று அவ்வாணையம் எழுதியது. 2004ஆம் ஆண்டுச் சட்டம், பெரும்பாலான விண்ணப்பதாரர்களுக்கு நேர்காணலைக் கட்டாயமாக்கியது. சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் வரிசையில் நின்றவர்களும் அதன் விளைவை அறிவார்கள்.

‘விசா காலம் முடிந்தும் தங்கினார்’ என்று செய்திகளில் வரும் தொடரையும் திருத்தியாக வேண்டும். அமெரிக்காவில் விசாவின் காலம் என்பது எந்த நாளுக்குள் எல்லைக்கு வரலாம் என்பதைக் குறிப்பது. எத்தனை நாள் தங்கலாம் என்பதை எல்லை அதிகாரி தனியே வரையறுப்பார். ஹஸ்மியின் விசா 2000 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அவருக்கு அளிக்கப்பட்டிருந்த தங்குகாலம் அதற்குப் பிறகும் நீடித்தது. அதையும் கடந்து அவர் தங்கியிருந்தபோது பல மாதங்கள் எவரும் தேடவில்லை. ஆகவே, தூதரகம் தருவதை நுழைவிசைவு என்றும், எல்லையில் கிடைப்பதை நுழைவு அனுமதி என்றும், அங்கே குறிக்கப்படும் நாள் வரம்பைத் தங்குகாலம் என்றும் பிரித்து எழுதலாம்.