ஹீமோகுளோபின் 18 என்றால் இரவைப் பற்றிக் கேட்பேன்

ஹீமோகுளோபின் குறைந்தால் பதறுகிறவர்கள், கூடினால் பதறுவதில்லை. "பதினெட்டு இருக்கு டாக்டர், ரத்தம் நல்லா ஊறுது போல" என்று சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். ஆணுக்கு 16.5 கிராமையும் பெண்ணுக்கு 16 கிராமையும் தாண்டினால் காரணம் தேட வேண்டும். நான் முதலில் புகைப்பழக்கத்தைப் பற்றியும் அடுத்து குறட்டையைப் பற்றியும் கேட்பேன். இரண்டாவதற்குப் பதில் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் மனைவியிடமிருந்து வரும்: "குறட்டைகூடப் பரவாயில்லைங்க. நடுவுல சத்தமே நின்னு போயிடுது, அதுதான் பயமா இருக்கு."

அவர் பயப்படுவது சரிதான். தொண்டை சுருங்கி அடைத்துக்கொண்டு குறைந்தது 10 விநாடி காற்று உள்ளே போகாமல் இருப்பதுதான் ஸ்லீப் ஆப்னியா. இந்த அடைப்புகள், பாதி அடைப்பையும் சேர்த்து, மணிக்கு 30-ஐ எட்டினால் நோய் கடுமையானது. இரவு முழுவதும் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி எடுத்த பதிவைப் பார்த்தால் தெரியும்: ஆக்சிஜன் 96-இலிருந்து 80-க்குச் சரியும், ஏறும், மறுபடி சரியும். சிறுநீரகம் இதை ஆக்சிஜன் பற்றாக்குறை என்றே எடுத்துக்கொள்கிறது. எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனைச் சுரக்கிறது, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூட்டுகிறது. மலை உச்சியில் வாழ்பவருக்கு உதவும் ஏற்பாடு, சமவெளியில் படுத்திருப்பவருக்கு ரத்தத்தைக் கெட்டியாக்குகிறது. கூடவே, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் நிலைக்குப் போகின்றன.

ஆனால் குறட்டை மேல் பழியைப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. ஆப்னியா மட்டும் இருந்தால் பெரும்பாலோருக்கு ஹீமோகுளோபின் சாதாரணமாகவே இருக்கும், ஏறினாலும் கொஞ்சம்தான் ஏறும். நன்றாக ஏறியிருந்தால் பகலிலும் ஆக்சிஜன் குறைகிறதா, நுரையீரல் நோயா, உடற்பருமனால் மூச்சின் அளவே குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பாலிசைத்தீமியா வேரா என்ற மஜ்ஜை நோயைக் கண்டறிய ஜேஏகே2 பரிசோதனை உண்டு. எனக்கு எரிச்சல் தரும் இன்னொரு காரணம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. தூக்கம் கெட்டதால் வந்த சோர்வுக்கு அதைப் போட்டுக்கொள்கிறார்கள். அது சிவப்பணுவையும் கூட்டும், ஆப்னியாவையும் மோசமாக்கலாம்.

சிகிச்சை என்றால் முதலில் சிபாப் கருவி. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்ட யோசனை அது: மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைப்பது. ஆக்சிஜன் சரிவு நின்றால் எரித்ரோபாய்ட்டின் தூண்டுதலும் அடங்கும். தட்டணுக்களின் ஒட்டும் குணம் சீக்கிரமே தணிவதைச் சிறிய ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும், ரிப்போர்ட்டில் பிசிவி என்று இருக்கும் எண், மெதுவாகத்தான் இறங்கும், அதுவும் ஓரளவுக்கே. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால் கருவி வாங்கி இரண்டு வாரத்தில் ரத்தம் பார்ப்பது வீண் செலவு. மூன்று, நான்கு மாதம் கழித்துப் பாருங்கள்.

அதற்கும் மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டுமே! 2016-இல் வெளியான சேவ் ஆய்வில், ஏற்கெனவே இதய, மூளை ரத்தக்குழாய் நோய் இருந்த சுமார் 2,700 பேரிடம் சிபாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. அவர்கள் கருவியைச் சராசரியாகப் பயன்படுத்தியது இரவுக்கு 3.3 மணி நேரம். முடிவுக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், பலருக்கு ஆப்னியாவும் அப்போதுதான் மோசம். இரண்டு மணிக்கே மாஸ்க்கைக் கழற்றி வைப்பவர் அந்த நேரத்தைச் சிகிச்சை இல்லாமல் கழிக்கிறார். மூக்கடைப்பு, வாய் வழியே காற்றுக் கசிவு, பொருந்தாத அளவு என்று கழற்றுவதற்குக் காரணங்கள் இருக்கும். பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ரத்த ரிப்போர்ட்டோடு கருவியின் மெமரி கார்டையும் எடுத்துப் போங்கள். தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில் பதிவாகியிருக்கும். இரவு முழுக்க ஒழுங்காகப் போட்டும் நான்கு மாதத்தில் பிசிவி அசையவில்லை என்றால், ரத்தநோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.