சேலியன்ஸ்: தமிழில் எந்தச் சொல் சரி?

வாக்காளர் ஆய்வுகளில் 'இஷ்யூ சேலியன்ஸ்' (issue salience) என்றொரு தொடர் அடிக்கடி வரும். ஒரு பிரச்சினை வாக்காளர் மனத்தில் எவ்வளவு முன்னால் வந்து நிற்கிறது என்பதே அது. கைக்கு உடனே வருவது 'முக்கியத்துவம்' என்ற சொல். அதைப் போட்டால், காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படும் நாட்டில்கூட அது ஏன் ஓட்டாக மாறுவதில்லை என்பதே புரியாமல் போய்விடும்.

லத்தீனில் 'சலீரே' என்றால் குதித்தல். அடைகாத்து மூன்று நாளான கோழி முட்டைக்குள் ஒரு செம்புள்ளி துடிப்பதை அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். அது கருவின் இதயம். லத்தீனில் அதற்குப் 'புங்க்டும் சாலியன்ஸ்', அதாவது துள்ளும் புள்ளி என்று பெயர். கோட்டை மதிலிலிருந்து வெளியே துருத்தும் மூலையையும் பின்னால் இதே அடியிலிருந்து பிறந்த சொல்லால் குறித்தார்கள். ஆக, பெரியது, உயர்ந்தது என்ற பொருள் இதன் வேரில் இல்லை. தானாகக் கண்ணில் படுவது என்பதுதான் பொருள்.

கருத்துக்கணிப்பில் இந்த வேறுபாடு கேள்வியிலேயே தெரியும். "காலநிலை மாற்றம் எவ்வளவு தீவிரமான பிரச்சினை?" என்று கேட்டால் 'மிகத் தீவிரம்' என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. விலைவாசிக்கும் மருத்துவத்துக்கும் அதே பதிலையே சொல்லலாம். இது முக்கியத்துவத்தை அளக்கும் கேள்வி. "நாட்டின் மிகப் பெரிய பிரச்சினை எது?" என்று, பட்டியல் எதையும் நீட்டாமல் கேட்டால், வாயில் முதலில் வருவதைத்தான் பதிவு செய்ய முடியும். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியாக வேண்டும். சேலியன்ஸை அளக்கப் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத்தான் நம்புகிறார்கள். இதிலும் கோளாறு உண்டு: 'பிரச்சினை' என்று கேட்பதால் அன்றைக்கு வலிக்கிற இடத்தைத்தான் ஆட்கள் சொல்வார்கள். இருபது ஆண்டு கழித்து வரப்போகிற வலி இந்தக் கேள்வியில் சிக்காது.

ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்குவதற்குக் காரணமாக, மனிதர் கவலைப்படுவதற்கும் ஓர் அளவு உண்டு, புதுக் கவலை வந்தால் பழையது இடம் விட வேண்டும் என்ற கருதுகோளைச் சொல்வார்கள். 2020இல் கொரோனா பரவியபோது பிரிட்டனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காலநிலை குறித்த கவலை குறையவில்லை. அளவுக்கு உட்பட்டது கவலையா, கவனமா என்ற கேள்வி அதன்பின் வலுத்தது. கவனம் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2019 மே மாதம் நடந்த பொதுத் தேர்தல் இதற்கு நல்ல பாடம். அந்த ஆண்டு லோவி என்ற ஆய்வு நிறுவனத்தின் கணிப்பில் 64 விழுக்காட்டினர் காலநிலை மாற்றத்தைக் கடும் அச்சுறுத்தல் என்றனர். தொழிற்கட்சி, 2005ஆம் ஆண்டின் உமிழ்வில் 45 விழுக்காட்டை 2030க்குள் குறைப்பதாக வாக்குறுதி தந்தது. "அதற்கு எவ்வளவு செலவாகும்?" என்று நிருபர்கள் திரும்பத் திரும்பக் கேட்டபோது அதன் தலைவர் பில் ஷார்ட்டனால் தொகையைச் சொல்ல முடியவில்லை. பேச்சு செலவின் பக்கம் திரும்பியது. அதானியின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்துத் தெற்கிலிருந்து வாகன அணி குயின்ஸ்லாந்துக்குப் போனது. அங்கே சுரங்கம் என்றால் வேலை. மாநிலத்தின் 30 தொகுதிகளில் தொழிற்கட்சிக்கு 6தான் கிடைத்தது. தேர்தலிலும் தோற்றது. அதே இரவில் சிட்னியின் வசதியான வாரிங்கா தொகுதியில் ஆளும் லிபரல் கட்சியைச் சேர்ந்த முன்னாள் பிரதமர் டோனி அபோட், காலநிலையை முன்வைத்த சுயேச்சை வேட்பாளரிடம் தோற்றார். காலநிலை அறப் பிரச்சினையாக இருக்கும் இடத்தில் தம் கட்சி திணறுகிறது, பொருளாதாரப் பிரச்சினையாக இருக்கும் இடத்தில் நன்றாகவே வெல்கிறது என்றார் அபோட். தோற்றவர் சொன்னாலும் கணக்கு சரி. அக்கறை இருந்தது, பக்கத்தில் வேறு எது நின்றது என்பதில்தான் தொகுதிக்குத் தொகுதி வித்தியாசம்.

இனித் தமிழ்ச் சொல். 'முன்னுரிமை' என்பது அரசு எதை முதலில் செய்கிறது என்பதைக் குறிக்கும், அது பிரையாரிட்டி. 'முனைப்பு' ஆளின் ஊக்கத்தைச் சொல்வது. 'முன்னிலை' அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓட்டு எண்ணும் நாளில் "காலநிலை முன்னிலை" என்று எழுதினால் அப்படி ஒரு வேட்பாளரா என்று கேட்பார்கள். முன்னால் வந்து நிற்றல் என்ற பொருளில் 'முன்னிற்பு' என்பதை ஆளலாம். துள்ளல் இதில் இல்லைதான். கண்முன் நிற்பது இருக்கிறது. ஏறும், இறங்கும் என்ற வினைகளோடும் இயல்பாகச் சேரும்: "காட்டுத்தீயின்போது காலநிலையின் முன்னிற்பு ஏறியது, மின்கட்டணம் உயர்ந்ததும் இறங்கியது." பொதுவாசகருக்கு எழுதும்போது கலைச்சொல்லே வேண்டாம், "வாக்காளர் மனத்தில் முதலில் வரும் பிரச்சினை" என்றாலே போதும். எப்படி எழுதினாலும், கணிப்பில் கேட்ட கேள்வியை அப்படியே பக்கத்தில் தந்துவிடுங்கள். 64 என்ற எண் எதை அளந்தது என்று வாசகருக்கு வேறு வழியில் தெரியாது.