ஆடிக்காற்றுக்கு மேலே ஓடும் எதிர்க்காற்று

மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆடி மாதத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போக ஆகும் நேரத்தைவிட, திரும்பி வர நேரம் குறைவாக ஆகிறதே, பூமி சுழல்வதாலா?"

பூமி சுழன்று ஊரை நம் பக்கம் கொண்டு வருவதில்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது. விமானம் அதற்குள்தான் பறக்கிறது. இரண்டரை மணி நேரக் கடிகார வித்தியாசத்தையும் கழித்துவிட்டால், மிச்சம் காற்றின் வேலை. நேர்வழியில் சுமார் 3,000 கி.மீ. தூரம், பெரும்பகுதி கடல். காற்றுக்குள் விமானத்தின் வேகம் மணிக்கு 840 கி.மீ., எதிர்க்காற்று 70 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கொள்ளிடத்து வெள்ளத்தை எதிர்த்துப் படகு விடுவது போல, முன்னேறும் வேகம் 770 ஆகிவிடும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ள, 910. கணக்குப் போட்டால் 36 நிமிட வித்தியாசம்.

சரி, ஆடியில் அம்மியைப் பறக்கவைக்கும் காற்று மேற்கிலிருந்துதானே வருகிறது? சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது. போகும்போதுதானே சீக்கிரம் போக வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கோடையில் திபெத் பீடபூமி சூடாகிறது. அதன் சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல். பருவமழை மேகங்களில் நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. சூடான காற்று விரிந்து நெடுநெடுவென்று உயர்ந்து நிற்பதால், மேலே போகப் போக அங்கே அழுத்தம் மெதுவாகவே குறைகிறது. 12 கி.மீ. உயரத்தில் அளந்தால், இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இருப்பதைவிட திபெத்துக்கு மேலே அழுத்தம் அதிகம். ஆகவே காற்று வடக்கிலிருந்து தெற்கே பாயப் பார்க்கும். பூமியின் சுழற்சி இங்கேதான் உள்ளே வருகிறது: வட அரைக்கோளத்தில் நகரும் காற்றை அது வலப்பக்கம் திருப்பிவிடும். தெற்கு நோக்கிப் போவதற்கு வலப்பக்கம் மேற்கு. கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்றாறு ஓடத் தொடங்குகிறது. வடக்கே தரைமட்டத்தில் அதே சூடு அழுத்தத்தைக் குறைத்து, கடல் காற்றைக் கீழ்வழியாக இழுக்கிறது. அந்தக் காற்றுதான் குடகில் மழையாகக் கொட்டி மேட்டூரை நிரப்புகிறது.

உயரத்தில் ஓடும் இந்தக் காற்றாற்றை 1950களில் விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அதன் மையம் 14, 15 கி.மீ. உயரத்தில், விமானங்கள் போவது அதன் அடிப்பகுதியில். ஆடி மாதம் வயல் வரப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள். தாழ்ந்த மேகங்கள் கடலை நோக்கி ஓடும். அவற்றின் இடைவெளியில் தெரியும் மெல்லிய வெண்கீற்று மேகங்கள் திருச்சிப் பக்கம் நகரும்.

காரைக்காலிலிருந்து வானிலைத் துறை விடும் பலூனும் அப்படித்தான். அந்த மாதங்களில் முதலில் கடல் பக்கம் போகும், உயரம் ஏறியதும் திரும்பித் தரைப்பக்கம் வரும். அது அனுப்பும் காற்று, வெப்ப, ஈரப்பத அளவுகள் விமானப் பாதைக்கும் உதவும், மழைக் கணிப்புக்கும் உதவும். கரையில் பலூன் விட நிலையங்கள் இருக்கின்றன; நடுக்கடலில் அப்படி அளப்பது அபூர்வம். கப்பல்களிலிருந்தும் பலூன் விட அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். குறுவை நட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் விவசாயிக்கும் அந்த அளவுகள் தேவை.