பல்ப்: ஒரு தாளின் பெயர்

‘பல்ப்’ (pulp) எழுத்தாளர் என்று இன்று ஒருவரைச் சொன்னால் அது பாதி வசவாகத்தான் காதில் விழுகிறது. அவசர அவசரமாக மட்டமான கதைகளை எழுதித் தள்ளுகிறவர் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இந்தச் சொல் இதழ்களுக்குப் பெயராக வந்தபோது கதையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தாளைப் பற்றித்தான் சொன்னது.

லத்தீனில் ‘புல்பா’ என்றால் சதைப்பற்று. ஆங்கிலத்துக்கு வந்த பிறகு பழச் சதையையும், அரைத்துக் குழைத்த பொருளையும் குறித்தது. 1840-களில் ஜெர்மனியில் மரத்தை அரைத்துக் கூழாக்கித் தாள் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை தாளுக்குக் கந்தல் துணிதான் முக்கிய மூலப்பொருள். மரத்தாள் மலிவு, ஆனால் மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுவதால் சீக்கிரம் பழுப்பேறி ஓரம் உதிரும். 1896-இல் நியூயார்க்கில் பதிப்பாளர் ஃபிராங்க் மன்சி தன் ‘ஆர்கஸி’ இதழை முழுக்க முழுக்கக் கதை இதழாக்கி, இந்த மலிவுத் தாளில் அச்சிட்டார். அப்படி வந்த இதழ்களுக்குப் ‘பல்ப்’ என்றே பெயராயிற்று. வழுவழுப்பான தாளில், விளம்பரங்களோடு வந்தவை ‘ஸ்லிக்’. பல்ப் இதழ்களில் கூலி சொல்லுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கு. ஸ்லிக்குகள் அதைவிட நன்றாகவே கொடுத்தன.

கூலி விஷயம் புரிய அமெரிக்க எழுத்தாளர் எல்மோர் லெனார்டின் ஆரம்ப காலத்தைப் பார்த்தால் போதும். 1950-களில் அவர் டெட்ராய்டில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏழு வரை கதை எழுதுவார். எழுத ஆரம்பித்த பிறகுதான் காப்பிக்குத் தண்ணீர் வைக்கலாம் என்பது தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. அலுவலகத்தில் மேசை இழுப்பறையைப் பாதி திறந்து, கையை உள்ளே விட்டு எழுதியதும் உண்டு. யாராவது வந்தால் மூடிவிடலாம். எழுதியது வெஸ்டர்ன், அதாவது நம் காமிக்ஸ் வாசகர்கள் சொல்லும் கௌபாய் கதை. அரிசோனா நிலக்காட்சிகளை ‘அரிசோனா ஹைவேஸ்’ இதழின் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்.

1951-இல் அவருடைய முதல் கதையை வாங்கியது அதே ஆர்கஸிதான். அதற்குள் அது பல்ப் தாளை விட்டு ஸ்லிக்காக மாறியிருந்தது. கொடுத்தது ஆயிரம் டாலர். 1953-இல் ‘டைம் (Dime) வெஸ்டர்ன்’ என்ற பல்ப் இதழில் வந்த ‘த்ரீ-டென் டு யூமா’வுக்கு, சொல்லுக்கு இரண்டு சென்ட் வீதம், கிடைத்தது 90 டாலர். அந்தக் கதை பின்னால் இரண்டு முறை படமானது. ஆயிரத்துக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் இருந்தது எழுத்தின் தரம் என்று என்னால் ஒப்ப முடியாது.

அப்புறம் சந்தையே சரிந்தது. இருபத்தைந்து சென்ட் பேப்பர்பேக் ஒரு பக்கம், தொலைக்காட்சி இன்னொரு பக்கம். 1950-களின் நடுவிலேயே பல்ப் இதழ்கள் அநேகமாக முடிந்துவிட்டன. கௌபாய் கதையை வீட்டுக் கூடத்தில் இலவசமாகப் பார்க்க முடிந்தபோது காசு கொடுத்து யார் படிப்பார்கள்? லெனார்டின் ஐந்தாவது வெஸ்டர்ன் நாவலான ‘ஓம்ப்ரே’ 1961-இல் வந்தது. அதற்குக் கிடைத்தது 1,250 டாலர். சில வருடம் கழித்து அதன் பட உரிமை 10,000 டாலருக்குப் போனதால்தான் முழுநேரமாக நாவலுக்குத் திரும்ப முடிந்தது. திரும்பியபோது வெஸ்டர்னை விட்டுக் குற்றக்கதைக்கு வந்தார். அந்த முதல் குற்ற நாவலை 84 முறை திருப்பி அனுப்பினார்கள். 1969-இல் நேரடிப் பேப்பர்பேக்காக வெளிவந்தது. சிக்கனமான வாக்கியம், பேச்சிலேயே ஆளைக் காட்டுவது என்று பின்னாளில் அவரைக் கொண்டாடினார்களே, அதெல்லாம் அந்தப் பழுப்புத் தாள் காலத்திலேயே பழகியதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பல்ப்’ என்றே எழுதினால் மின்விளக்குதான் முதலில் நினைவுக்கு வரும். அகராதிப்படி ‘கூழ்’ சரியான சொல். மரக்கூழ், காகிதக்கூழ், மாங்கூழ் என்று தொழிலில் நன்றாகவே புழங்குகிறது. ஆனால் ‘கூழ் இலக்கியம்’ என்றால் ஆடி மாதக் கோயில் வாசலுக்குப் போய்விடுவோம். ‘வெகுஜன இலக்கியம்’, ‘வணிக எழுத்து’ இரண்டும் வேறு பொருள். ஸ்லிக்கில் வந்த கதையும் வணிக எழுத்துதான். ‘மசாலா நாவல்’ தரத்தைப் பற்றித் தீர்ப்பே சொல்லிவிடுகிறது.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: சாணித்தாள். நிறத்தை வைத்து மலிவுத் தாளுக்கு வந்த பெயர். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களை ‘சாணித்தாள் நாவல்’ என்று வாசகர்களே சொல்லியிருக்கிறார்கள். பல்ப் வந்த வழியிலேயே, தாளிலிருந்து கதைக்கு வந்த சொல் இது. பொதுப் பேச்சுக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பேன். அமெரிக்க இதழ் வரலாற்றைக் கட்டுரையாக எழுதுகிறவர்கள் ‘மலிவுத்தாள் இதழ்’ என்று எழுதலாம். எதிரில் ஸ்லிக்குக்கு ‘வழுவழுத்தாள் இதழ்’ என்று வைத்தால் ஜோடி பொருந்தும். ஆலைக்குள் இருக்கும்வரை அது மரக்கூழ்தான்.