தன்னுந்தல்: சொல் விளக்கம்

அறிவியல் கட்டுரைகளில் ‘செல்ஃப் ப்ரொபல்ஷன்’ வரும் இடத்தில் பலர் ‘தன்னியக்கம்’ என்று போட்டுவிடுகிறார்கள். அது ஆட்டோமேஷனுக்கு உரிய சொல். இங்கே பேச்சு, ஒரு பொருள் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு நகர்வதைப் பற்றி.

ப்ரொபல்ஷனின் வேர் லத்தீன்: ‘ப்ரோ’ முன்னே, ‘பெல்லெரே’ தள்ளுதல். தமிழில் இதற்கு ‘உந்து’ கைவசம் இருக்கிறது. பேருந்திலும், இயற்பியல் பாடத்து உந்தத்திலும் இருப்பது அதுதான். எனவே தன்னுந்தல். ‘தானுந்து’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கார் வந்து நின்றுவிடும்.

திரவ உலோகத் துளியில் இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. 2015இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் லியு ஜிங் குழுவினர், சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கிடந்த காலியம் என்ற உலோகத்தின் கலவைத் துளிக்குச் சிறு அலுமினியத் துணுக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். துளி அதை விழுங்கிக்கொண்டு, நொடிக்குச் சுமார் 5 செ.மீ. வேகத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் தரவில்லை.

அலுமினியம் ஒட்டிய பக்கம் கரைசலோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழ்களைக் கக்குகிறது. அலுமினியமும் துளியும் சேர்ந்து குட்டி மின்கலமாகிவிடுவதால், துளியின் மேற்பரப்பில் மின்னூட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. மின்னூட்டம் மாறினால் பரப்பு இழுவிசையும் மாறும். 1870களிலேயே பிரெஞ்சு இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மான் பாதரசத்தில் ஆராய்ந்த விஷயம் இது. ஒரு பக்கம் இழுவிசை கூடி, மறுபக்கம் குறைய, துளி நகர்கிறது. பின்னால் கிளம்பும் குமிழ்களும் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன.

சரி, இதைக் கட்டுப்படுத்துவது எப்படி? குறுகிய வாய்க்காலில் விட்டால் துளி வாய்க்காலின் போக்கிலேயே போகும். கரைசலில் இரு மின்முனைகளை வைத்தால் நேர்முனையை நோக்கித் திரும்பும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகமும் கூடும். இதற்கு ‘கட்டுப்பாடு’ என்பதைவிட ‘வழிப்படுத்தல்’ பொருத்தம் என்பேன். துளியின் ஓட்டம் நிற்பதில்லை, திசையும் வேகமும்தான் மாறுகின்றன.

அலுமினியமே இல்லாத துளியை மின்சாரம் மட்டும் நகர்த்தினால் அது தன்னுந்தல் ஆகாது. 2016இல் மெல்போர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு, துளியின் இருபுறமும் வெவ்வேறு கரைசல்களை வைத்து அதை நகரச் செய்தது. அதையும் அவர்கள் தன்னுந்தல் என்றே அழைத்தார்கள். ஆனால் உந்துசக்தி அங்கே துளிக்குள் இல்லை, சுற்றியுள்ள கரைசல்களில் இருக்கிறது. அந்தப் பயன்பாடு எனக்குச் சற்று நெருடலாகவே படுகிறது.