அக்காலக் கள்ளக்காசு: ஒரு சொல் விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையில் என் சித்தப்பா சேர்த்து வைத்திருந்த பழைய காசுகளை அவர் காலமான பிறகு நாங்கள் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றையும் சின்னக் காகித உறையில் போட்டு, உறைமேல் தன் கையால் எழுதியிருந்தார். ஒன்றின்மேல் ‘1919 ரூபாய், சமகாலப் போலி’ என்று இருந்தது. அதைப் படித்த சித்தப்பா மகன், “இது இப்ப அடிச்ச டூப்ளிகேட்டுண்ணே” என்று ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போட வேண்டிய குவியல் பக்கம் தள்ளிவிட்டான். சித்தப்பா எழுதியதோ நேர் எதிரான பொருளில். 1919 ரூபாய் கைமாறிக்கொண்டிருந்த காலத்திலேயே, நல்ல ரூபாயோடு கலந்து கடையில் தள்ளிவிடலாம் என்று எவனோ வார்த்த காசு அது. சேகரிப்பவர்கள் தேடி வாங்குவது அந்த மாதிரிக் காசைத்தான்.

அவன்மேல் தப்பில்லை, சொல்லில்தான் சிக்கல். ஆங்கிலத்தில் ‘கன்டெம்பரரி கவுன்டர்ஃபீட்’ என்பதைத்தான் சித்தப்பா அப்படித் தமிழாக்கியிருக்கிறார். அதில் ‘கன்டெம்பரரி’ என்பது அசல் காசின் காலத்தைக் குறிக்கிறது, நம் காலத்தை இல்லை. சமகாலம் என்றாலும் ஒரே காலம் என்றுதான் பொருள், ‘இருவரும் சமகாலத்தவர்’ என்று சொல்லும்போது அது சரியாகவே நிற்கிறது. ஆனால் சமகால அரசியல், சமகாலக் கவிதை என்று கேட்டுக் கேட்டு, சமகாலம் என்றாலே ‘இன்றைய’ என்று நம் காதில் பதிந்துவிட்டது. அதனால் ‘அக்கால’ என்று எழுதுவதே குழப்பம் இல்லாதது.

அடுத்தது ‘போலி’. கவுன்டர்ஃபீட் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல், ‘கான்ட்ரா’, ‘ஃபாக்கெரே’ என்ற லத்தீன் வேர்கள் இரண்டும் சேர்ந்தது, ஒன்றுக்கு எதிராக ஒன்றைச் செய்து நிறுத்துவது என்ற கருத்து. நம் போலி ‘போல்’ என்பதிலிருந்து வருகிறது, ஒன்றைப் போல இருப்பது, அவ்வளவுதான். இலக்கணத்தில் அறம் அறன் ஆனால் கடைப்போலி என்கிறோம், அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கள்ளம் அப்படியில்லை. களவு, கள்ளன் எல்லாம் ஒரே வேர், மறைப்பும் திருட்டும் சேர்ந்தது. எங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பொய் சொல்லாதே என்பதற்கே ‘கள்ளம் பறையாதே’ என்பார்கள். கள்ளச்சாவி, கள்ளநோட்டு, கள்ளக் கையெழுத்து என்று மக்கள் நாக்கில் ஏற்கெனவே சரியான சொல் இருக்கும்போது, செலாவணியில் ஏமாற்றச் செய்த காசைக் கள்ளக்காசு என்பதுதானே முறை? செல்லாக்காசு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது அசல்தான், புழக்கத்திலிருந்து போய்விட்டது, அவ்வளவே.

இதன் எதிர்ச்சொல்லும் நம்மிடம் உண்டு. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் ‘அன்றாடு நற்காசு’ என்று வருகிறது, அன்றைக்குச் செலாவணியில் இருந்த நல்ல காசு. நல்லது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தால் கெட்டதும் உலவியிருக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். காசின் தரம் பார்ப்பவருக்குச் சங்க காலத்தில் வண்ணக்கன் என்று பெயர், வண்ணக்கன் என்ற அடையோடு புலவர்களே இருந்திருக்கிறார்கள். பின்னாளில் அந்த வேலை நோட்டம், செய்பவர் நோட்டக்காரர். ‘நோட்டம் விடுகிறான்’ என்று இன்றைக்கு வேறு பொருளில் பேசுகிறோமே, அதே நோட்டம்தான்.

1949 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளிச் சக்கரம் விரல் நுனியில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குப் பொடிசு என்பதால், அதை எண்ணக் குழி குழியாக வெட்டிய சக்கரப் பலகை வைத்திருந்தார்கள், ஒரு பிடி அள்ளிப் போட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். பலகை எண்ணிக்கையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. அதற்கு நோட்டம் பார்க்கிற கண் வேண்டும்.

சரி, சித்தப்பாவின் ரூபாய்க்கு வருகிறேன். அதை வடசேரியில் ஒரு வயதான நகை ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கண்ணாடியைக்கூடப் போடவில்லை, கட்டைவிரலால் சுண்டினார், வெள்ளிக்குரிய நீண்ட ஓசை இல்லாமல் ‘டக்’ என்று நின்றுவிட்டது. “வெள்ளி மணத்துக்குக்கூட இல்ல மக்கா, வெள்ளீயக் கலவையாக்கும்” என்றார். அசல் 11.66 கிராம், இது 9.8. உருப்பெருக்கியில் பார்த்தால் அரசர் தாடியில் ஊசி குத்தியது போல நுண்துளைகள், எழுத்தின் ஓரங்கள் சோப்பு கரைந்தது மாதிரி மழுங்கல். அசல் ரூபாய் அச்சில் வைத்து அடிக்கப்பட்டது, இது அசலை மண்ணிலோ சாந்திலோ பதித்து, அந்தப் பதிவுக்குள் உருக்கி ஊற்றியது. அதனால் விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த கோடு தெரிகிறது, அதை மறைக்க அரத்தால் ராவியிருக்கிறான், வரிகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அகலமாகவும் ஓடுகின்றன. ஆனால் மேடான இடங்கள் நன்றாகவே தேய்ந்திருக்கின்றன. எத்தனையோ கை மாறி, எத்தனையோ பேர் நம்பி வாங்கியிருக்கிறார்கள், அந்தத் தேய்மானம்தான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

இப்படி மதிப்புப் பெற்ற கள்ளக்காசுகளில் அமெரிக்காவின் ஹென்னிங் நிக்கல் பேர்போனது. போர்க்காலமான 1942 முதல் 1945 வரை நிக்கல் எனப்படும் அந்நாட்டு 5 சென்ட் காசில் வெள்ளி கலந்தார்கள், அதை அடையாளம் காட்டப் பின்புறக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேலே பெரிய எழுத்தாகக் காசாலைக் குறி வைத்தார்கள். ஹென்னிங் என்பவர் 1944 என்று ஆண்டு போட்டு வார்ப்பு இல்லாமல் அச்சிலேயே அடித்தார், அந்தக் குறியை மட்டும் விட்டுவிட்டார். குறி இல்லாத 1944 நிக்கலை இப்போது விலை கொடுத்து வாங்குகிறார்கள். ரோமானியரின் வெள்ளிக் காசான தினாரியிலும் செம்பு உள்ளே, வெள்ளித் தகடு வெளியே என்று ஒரு வகை உண்டு, அதற்குப் பெயர் ஃபூரே, பிரெஞ்சில் ‘உள்ளே அடைத்தது’ என்று பொருள். ‘செம்புக்கரு தினாரி’ என்றால் நமக்குப் புரியும்.

அப்புறம், சேகரிப்பவர்களையே ஏமாற்றுவதற்காகப் பின்னாளில் செய்த காசுகள் இருக்கின்றன, அவை எந்தக் கடையிலும் எந்த அரிசிக்கும் மாறியதில்லை. அவற்றுக்குப் ‘பிற்காலப் போலி’ என்பது போதும். ஜெர்மனியின் பெக்கர் 19ஆம் நூற்றாண்டில் செய்த பழங்காசுப் போலிகளைப் போலச் சிலது அவர் பேருக்காகவே விலை போகின்றன, ஆனால் அது விதிவிலக்கு. சந்தையில் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் நேற்று செய்து, இன்று கறுப்பாக்கியது. தேய்மானம் இல்லாமல் கறுப்பு மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

சித்தப்பா உறையை மாற்றவில்லை, அவர் கையெழுத்து அதில் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு உறை போட்டு எழுதினேன்: ‘1919 ரூபாய், அக்காலக் கள்ளக்காசு, வெள்ளீயக் கலவை வார்ப்பு, 9.8 கிராம், புழங்கித் தேய்ந்தது.’